மடிக்கணினிக்கு ஏற்ற மாற்று நினைவகம் எது?



பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கையில் வாங்கிய பின் படித்ததெல்லாம் மறந்து போவது எத்தகைய வேதனை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். 2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், அதே வேதனை எங்கள் வீட்டு மடிக்கணினிக்கு வந்தது. அதற்கு வைத்தியம் தேடப் புறப்பட்டு, முதலில் பணத்தை இழந்து, பின்னர் பாடம் கற்ற கதையைத்தான் இங்கே எழுதுகிறோம். ‘நாங்கள்’ என்பது பத்தாம் வகுப்பில் ஒருவரும் எட்டாம் வகுப்பில் ஒருவருமாக இப்பள்ளியில் பயிலும் சகோதரியர் இருவர். கணினியோ எங்கள் அக்காவுடையது. அக்கா கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறாள்.

அது ஒரு கேமிங் லேப்டாப். சிஸ்டர்மார் இதைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். அதில் யாரும் விளையாடுவதில்லை. கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைவதற்குத் தனியான வரைகலைச் செயலி வேண்டும். அத்தகைய செயலி உள்ள கணினிகளில் ஓரளவு மலிவாகக் கிடைப்பவை விளையாட்டுக்கென்று செய்யப்பட்டவையே. ஆகவே கட்டடக்கலை மாணவர்களும் திரைப்படம் தொகுப்பவர்களும் அவற்றை நாடுகிறார்கள். அப்பா தமது நண்பர் ஒருவரிடமிருந்து அதைப் பழைய விலைக்கு வாங்கித் தந்திருந்தார். உள்ளே இருப்பது 2020-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-10300ஹெச் என்னும் செயலி. நினைவகம் 16 ஜிபி. அதாவது 8 ஜிபி கொண்டவை இரண்டு.

ஜனவரி 5-ஆம் தேதி அக்கா தன் வரைபடங்களைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். டிசம்பர் 20-ஆம் தேதி மாலை, நூலகக் கட்டடம் ஒன்றின் மாடிப்படியை அவள் வரைந்துகொண்டிருந்தபோது திரை முழுவதும் நீலமாயிற்று. ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று இரண்டு சொற்கள் தோன்றின. கணினி தானே அணைந்து தானே எழுந்தது. அன்றிரவுக்குள் மூன்று முறை இப்படி ஆயிற்று. மூன்றாம் முறை, சேமிக்காத இரண்டு மணி நேர வேலை போய்விட்டது. அக்கா அழவில்லை. எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றுகொண்டாள். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

நினைவகம் என்றால் என்ன என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். வீட்டில் புத்தகங்கள் பீரோவில் இருக்கின்றன. படிக்கும்போது வேண்டியவற்றை மட்டும் எடுத்து மேசைமேல் பரப்புகிறோம். பீரோதான் கணினியின் சேமிப்பகம். மின்சாரம் நின்றாலும் அதில் உள்ளவை அழியா. மேசைதான் ‘ராம்’ எனப்படும் நினைவகம். மேசை சிறிதானால் ஒவ்வொரு நிமிடமும் பீரோவுக்கு எழுந்து ஓட வேண்டும். மேசையின் ஒரு பலகை உளுத்துப் போயிருந்தாலோ, எந்தப் புத்தகம் எப்போது கீழே விழும் என்று சொல்ல முடியாது. எங்கள் கணினிக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது நோய்.

நோய் இதுதான் என்று ஊகித்தால் போதாது. விண்டோஸிலேயே நினைவகச் சோதனைக் கருவி ஒன்று உண்டு. அது குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. பிறகு மெம்டெஸ்ட்86 என்னும் இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிட்டோம். காலையில் பார்த்தால் திரையில் பிழைகள் வரிசையாக நின்றன. இரண்டில் எந்த ராம் கெட்டது? ஒன்றைக் கழற்றி வைத்து மற்றதைச் சோதித்தோம். பிறகு மாற்றிச் சோதித்தோம். ஒன்றில் பிழை இல்லை. மற்றதில் பிழை வந்தது. இத்துடன் நிறுத்தியிருந்தால் தவறாகியிருக்கும். குறை ராமில் இல்லாமல் அது பொருந்தும் ஸ்லாட்டிலும் இருக்கலாமல்லவா? ஆகவே நல்ல ராமை எடுத்து, சந்தேகத்துக்குரிய ஸ்லாட்டில் செருகி மீண்டும் ஓடவிட்டோம். பிழை வரவில்லை. ஸ்லாட் நலம், ராம்தான் நலமில்லை என்பது உறுதியாயிற்று. புதிது வாங்குவதற்குமுன் இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள், நல்ல ராமைக் கெட்ட ஸ்லாட்டில் செருகிவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போடுவார்கள்.

(‘ராமைக் கழற்றிவிட்டோம், இனி வேண்டாம்’ என்று தங்கை வாசலில் நின்று உரக்கச் சொன்னதைக் கேட்டு அடுத்த வீட்டுப் பாட்டி திடுக்கிட்டு வந்து விசாரித்தார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லக் கால் மணி நேரமாயிற்று.)

மறுநாள் அப்பா வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடைக்குள் நுழைந்து, “டிடிஆர்4, எட்டு ஜிபி ராம் ஒன்று கொடுங்கள்” என்று கேட்டு வாங்கி வந்துவிட்டார். நாங்கள்தான் அந்த இரண்டு விவரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்திருந்தோம். உறையைப் பிரித்தோம். உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒரு அடிக்கோலில் பாதி நீளம்! எங்கள் மடிக்கணினியின் ஸ்லாட்டோ அதில் பாதிதான். கடைக்காரர் மேசைக்கணினிக்கு உரியதைத் தந்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, எங்கள் சீட்டில் ‘மடிக்கணினி’ என்ற சொல்லே இல்லை. ஆனால் பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சிட்டிருந்தது. அப்பா மறுநாள் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தார். அந்த நீளமான ராமைப் பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சீட்டு எழுதிய கை எங்களுடையது ஆகையால் அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பின்னர்தான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தோம்.

மேசைக்கணினியில் பொருந்தும் ராமுக்கு டிம் என்று பெயர். நீளம் சுமார் 13.3 செ.மீ. மடிக்கணினியில் பொருந்துவது எஸ்ஓ-டிம். டிடிஆர்4 வகையில் இதன் நீளம் 6.96 செ.மீ. இரண்டுக்கும் உள்ளே ஓடும் தொழில்நுட்பம் ஒன்றே, உடல்தான் வேறு. இதை எப்படி ஒட்டுச்சீட்டைப் பார்த்தே கண்டுகொள்வது என்பதைப் பின்னால் கூறுவோம்.

அடுத்தது தலைமுறை. நினைவகங்களுக்கு ஜெடெக் என்னும் உலக அமைப்பு இலக்கணம் வகுக்கிறது. டிடிஆர்3-க்கு 2007-இலும், டிடிஆர்4-க்கு 2012-இலும், டிடிஆர்5-க்கு 2020-இலும் அது இலக்கணத்தை வெளியிட்டது. ஒரு தலைமுறைக்குரிய ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை பொருந்தாது. மின்னழுத்தமே வேறு. டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், அதன் சிக்கன வகைக்கு 1.35, டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. மடிக்கணினி வகையில் தொடுமுனைகளின் எண்ணிக்கையும் முறையே 204, 260, 262 என மாறுகிறது. தவறிச் செருகிவிடாமலிருக்க, பொன்முலாம் பூசிய விளிம்பில் ஒரு சிறு வெட்டு விட்டிருக்கிறார்கள். அந்த வெட்டு தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறும். ஸ்லாட்டில் உள்ள முனைப்பு வெட்டுக்கு நேரே வரவில்லையென்றால் அந்த ராம் அங்கே போகக் கூடாது என்று பொருள். அழுத்தம் கொடுத்து நுழைக்கப் பார்ப்பது பேதைமை.

இதில் ஒரு பொறி உண்டு. இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலிகள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கக் கூடியவை. எதை வைப்பது என்று முடிவு செய்வது மடிக்கணினியைச் செய்யும் கம்பெனி. ஆகையால் ‘உன் கணினியில் இருக்கும் அதே செயலிதான் என்னுடையதிலும் இருக்கிறது’ என்று தோழியின் கணினியைப் பார்த்து ராம் வாங்குவது ஆபத்து. கணினியின் அடிப்புறத்தில் உள்ள முழு மாதிரி எண்ணைக் கொண்டு அதன் கையேட்டைத் தேடிப் பார்ப்பதே சரி.

சில மடிக்கணினிகளில் ராமை மாற்றவே முடியாது. தாய்ப்பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். வேறு சிலவற்றில் பாதி பற்றவைத்தும் பாதி ஸ்லாட்டிலும் இருக்கும். 2020-இல் வந்த ஆசுஸ் ரோக் செஃபைரஸ் ஜி14 இவ்வகை. அதில் ஒரே ஒரு ஸ்லாட்தான். பற்றவைத்த பகுதி கெட்டால் வீட்டில் வைத்து ஒன்றும் செய்ய இயலாது. இவை தவிர, கேம்2 என்னும் புதிய தட்டையான வகைக்கு ஜெடெக் 2023 டிசம்பரில் இலக்கணம் தந்தது. அது எஸ்ஓ-டிம் ஸ்லாட்டில் பொருந்தாது. எங்கள் கணினியில் நல்லவேளையாக இரண்டும் ஸ்லாட்டுகளே.

இனி ஒட்டுச்சீட்டு. எங்களிடமிருந்த நல்ல ராமின்மேல் இப்படி அச்சிட்டிருந்தது: ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2933ஒய்-எஸ்ஏ2-11’. முதலில் இதைப் பார்த்தபோது வேதியியல் சமன்பாடு போலத் தோன்றியது. பிரித்துப் படித்தால் எளிது. 8ஜிபி என்பது கொள்ளளவு. ‘பிசி4’ என்றால் டிடிஆர்4. 2933 என்பது வேகம். அடுத்து வரும் ‘ஒய்’ என்பது தாமதத்தைக் குறிக்கும் எழுத்து. ‘எஸ்ஏ2’ என்பதில் உள்ள ‘எஸ்’ மடிக்கணினி வகை என்பதற்கு அடையாளம். பீரோவில் இருந்த நீளமான ராமை எடுத்துப் பார்த்தோம். அதில் அதே இடத்தில் ‘யு’ என்ற எழுத்து இருந்தது. அந்த ஓர் எழுத்தைப் படிக்கத் தெரிந்திருந்தால் அப்பாவின் பணம் தப்பியிருக்கும்.

சில ஒட்டுச்சீட்டுகளில் வேகத்துக்குப் பதிலாகப் பெரிய எண் இருக்கும். பிசி4-21300, பிசி4-23400, பிசி4-25600 என்பன முறையே 2666, 2933, 3200 வேகங்களே. ராம் ஒரு தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட் தருகிறது. 3200-ஐ 8-ஆல் பெருக்கினால் 25,600. வினாடிக்கு அத்தனை மெகாபைட் போகலாம் என்று பொருள். கணக்குப் பாடம் எங்கெல்லாம் வந்து நிற்கிறது பாருங்கள்!

கணினியைத் திறக்காமலே விவரம் அறியவும் வழி உண்டு. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நினைவகப் பகுதிக்குப் போனால், வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன உடல்வகை என்பவை தெரியும். சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் உள்ள ராமின் தயாரிப்பு எண்ணையே காட்டிவிடும். அதில் எங்கள் ராமின் வேகம் 1466 என்று காட்டியதைக் கண்டு, பாதி வேகத்தில்தான் ஓடுகிறது, இதுவும் நோயாளி என்று பதறினோம். பிறகுதான் தெரிந்தது, டிடிஆர் என்ற பெயரின் பொருளே இரட்டிப்பு வேகம் என்பது. கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை தரவு போகிறது. 1466-ஐ இரண்டால் பெருக்கினால் 2933 அளவில் வந்துவிடுகிறது. சிபியு-இசட் துடிப்பைச் சொல்கிறது, ஒட்டுச்சீட்டு தரவைச் சொல்கிறது. அவ்வளவே.

வேகத்தைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கடைகளில் அதிகம் பேசப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. எங்கள் செயலி ஏற்கும் உச்ச வேகம் 2933. அதில் 3200 வேக ராமைச் செருகினால் என்ன ஆகும்? ஒன்றும் கெடாது. வேகமாக ஓடத் தெரிந்தவன் மெதுவாகவும் நடப்பான் அல்லவா? 2933-லேயே ஓடும். மாறாக, 2666 வேக ராமை நல்ல ராமின் பக்கத்தில் செருகினால், இரண்டும் 2666-க்கு இறங்கிவிடும். இரண்டு மாடுகள் பூட்டிய வண்டி மெதுவான மாட்டின் வேகத்தில்தான் போகும். ஆகவே சம வேகம் கிடைக்காவிட்டால் சற்றுக் கூடுதலானதை வாங்கலாம், குறைந்ததை வாங்கக் கூடாது.

வேகத்தோடு கூடப் பிறந்தது தாமதம். சிஎல் 19, சிஎல் 21, சிஎல் 22 என்று எழுதுவார்கள். கேட்ட தரவைத் தருவதற்கு எத்தனை துடிப்பு காக்க வைக்கிறது என்பதே அந்த எண். 22 என்பது 21-ஐ விட மோசம் என்று தோன்றும். ஆனால் துடிப்பின் நீளமும் மாறுகிறதே! 3200 வேகத்தில் ஒரு துடிப்பு 0.625 நானோவினாடி. 22 துடிப்புக்கு 13.75 நானோவினாடி. 2933 வேகத்தில் 21 துடிப்புக்குச் சுமார் 14.3 நானோவினாடி. ஏறத்தாழ ஒன்றேதான். எனவே தாமத எண் ஒன்றிரண்டு வேறுபடுவதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

அதே காரணத்தால் வண்ணத் தகடு போர்த்திய, மிகு வேகம் என்று விளம்பரம் செய்யப்படும் ராம்களையும் யோசித்தே வாங்க வேண்டும். அவற்றில் சில, எக்ஸ்எம்பி என்னும் ஏற்பாட்டை பயாஸில் இயக்கினால்தான் எழுதியுள்ள வேகத்தில் ஓடும். பல மடிக்கணினிகளின் பயாஸில் அந்த வசதியே இராது. அப்போது அவை சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். ஜெடெக் இலக்கணப்படியே 3200 ஓடும் ராமா என்று கேட்டு வாங்குதல் நலம்.

பலரும் கவனிக்காத ஒன்று, ‘1ஆர்எக்ஸ்8’ என்னும் குறி. ராமின்மேல் உள்ள ஒவ்வொரு சில்லும் ஒரு தடவைக்கு 8 பிட் தருகிறது என்று பொருள். மொத்தம் 64 பிட் வேண்டுமே, ஆகையால் எட்டுச் சில்லுகள். ‘1ஆர்எக்ஸ்16’ என்றிருந்தால் ஒவ்வொரு சில்லும் 16 பிட் தரும், நான்கு சில்லுகளே போதும். கொள்ளளவு இரண்டிலும் 8 ஜிபிதான், இரண்டும் வேலை செய்யும். ஆனால் 16 பிட் சில்லுகளின் உள்ளே அறைத்தொகுதிகள் இரண்டுதான். 8 பிட் சில்லுகளில் நான்கு. தொகுதிகள் குறைந்தால், ஒன்று வேலையாக இருக்கும்போது இன்னொன்றில் கேட்பதற்கு வாய்ப்பும் குறைகிறது. எனவே விளையாட்டுகளில் இவ்வகை சற்றுப் பின்தங்கும். எங்களிடம் எஞ்சியிருந்தது 8 பிட் வகை ஆகையால், ஜோடியாகவும் அதுவே இருக்கட்டும் என்று தீர்மானித்தோம்.

ஜோடி என்றதும் கேட்கலாம், ஏன் இரண்டு வேண்டும், 16 ஜிபி ஒன்றே போதாதா என்று. செயலியிலிருந்து நினைவகத்துக்கு இரண்டு பாதைகள் உள்ளன. ஒரு ராம் மட்டும் இருந்தால் ஒரு பாதை சும்மா கிடக்கும். இரண்டு 8 ஜிபி இருந்தால் இரண்டு பாதையிலும் போக்குவரத்து நடக்கும். இரண்டும் சமமாக இல்லாமல் 8-உம் 16-உமாக இருந்தாலும் எங்கள் கணினி ஓடும். அப்போது ஒவ்வொன்றிலும் 8 ஜிபி மட்டும் இரட்டைப் பாதையில் போகும், மிஞ்சிய 8 ஜிபி ஒற்றைப் பாதையில் போகும்.

இந்த 16 ஜிபி விஷயத்தில்தான் வீட்டில் விவாதம் மூண்டது. அக்காவின் வரைபடங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகின்றன. ஒரு ராம் எப்படியும் வாங்கத்தானே வேண்டும், அதைப் பதினாறாக வாங்கினால் மொத்தம் 24 ஆகும், இறுதியாண்டுக்கும் உதவும் என்பது தங்கையின் வாதம். நியாயந்தான். ஆனால் 2025-இன் பிற்பகுதியில் உலகெங்கும் நினைவகத்தின் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணினி நிலையங்கள் நினைவகத்தை வாரிக்கொண்டு போயின. உலகில் பெரும்பாலான நினைவகச் சில்லுகளைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகளே. அவை அந்நிலையங்களுக்கு முதலிடம் தரவே, நம்மைப் போன்ற சாதாரண வீட்டுக்காரர்களுக்கு வரும் சரக்கு குறைந்து விலை கூடிவிட்டது. ஏற்கனவே ஒரு ராமுக்குக் கொடுத்த பணம் பீரோவில் தூங்குகிறது. அக்காவே சொன்னாள், “எனக்கு எட்டே போதும். ஜனவரி அஞ்சாம் தேதி முடிஞ்சா சரி.”

சென்னையில் இருக்கும் சித்தப்பா ரிச்சி தெருவுக்குப் போவதாகச் சொன்னார். இம்முறை துண்டுச் சீட்டு அனுப்பவில்லை. நல்ல ராமின் ஒட்டுச்சீட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பி, கீழே தெளிவாக எழுதினோம்: மடிக்கணினிக்குரிய எஸ்ஓ-டிம், டிடிஆர்4, 8 ஜிபி, 3200 அல்லது 2933, 1.2 வோல்ட், 1ஆர்எக்ஸ்8. 2666 வேண்டாம். சர்வர்களுக்குரிய இசிசி வகையும் வேண்டாம்.

கடையில் நின்றுகொண்டு சித்தப்பா வீடியோவில் அழைத்தார். மேசைமேல் மூன்று ராம்கள். முதலாவது 2666, மூன்றிலும் விலை குறைவு. இரண்டாவது 3200, ஆனால் திருப்பிப் பார்க்கச் சொன்னால் நான்கே சில்லுகள். மூன்றாவது 3200, எட்டுச் சில்லுகள், சிஎல் 22, இரண்டாவதைவிடச் சற்று விலை அதிகம். “எல்லாம் ஒண்ணுதான்மா, எதை எடுத்தாலும் ஓடும்” என்று கடைக்காரர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அவர் சொன்னதும் பொய்யில்லை. மூன்றும் ஓடத்தான் செய்யும். முதலாவது நல்ல ராமையும் தன்னோடு கீழே இழுக்கும், இரண்டாவது சற்றுத் தடுமாறும். மூன்றாவதையே எடுக்கச் சொன்னோம். பில்லில் தயாரிப்பு எண்ணை எழுதி வாங்கவும், வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதை அதிலேயே குறிக்கவும் கேட்டுக்கொண்டோம். சித்தப்பா சிரித்துவிட்டு, “வக்கீலுக்குப் படிக்கப் போறீங்களா?” என்றார்.

டிசம்பர் 29-ஆம் தேதி கூரியரில் வந்தது. அதுவரை அக்கா 8 ஜிபியுடன் நத்தை வேகத்தில் வேலை செய்தாள். முழுக் கட்டடத்தையும் திறக்க முடியாமல் ஒவ்வொரு மாடியாகத் திறந்து வரைந்தாள்.

பொருத்திய விதத்தைக் கேளுங்கள். கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கினோம். அடிமூடியின் திருகாணிகள் எல்லாம் ஒரே நீளமல்ல. ஆகவே பழைய கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையின் பின்புறத்தில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தோம். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. இதைச் செய்யாமல் ராமில் கை வைக்கக் கூடாது. பிறகு உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் போவதற்காக இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டோம். கம்பளிச் சுவெட்டரைக் கழற்றி வைத்துவிட்டோம். ராமின் இருபுறமும் உள்ள சிறு பிடிகளை வெளிப்புறமாக விலக்கினால் அது தானே சாய்வாக எழும்பும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். புதியதை அதே சாய்வில் பொன்முனைகள் மறையும்வரை செருகி, மெல்லக் கீழே அழுத்தினால் இரண்டு பிடிகளும் ‘க்ளிக்’ என்று பிடித்துக்கொள்ளும். பொன்முனையில் விரல் படக் கூடாது. சிலர் அங்கே பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். அதன் துகள் ஸ்லாட்டில் விழுந்தால் வேறு வினை.

மூடியை மாட்டிப் பொத்தானை அழுத்தினோம். விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பத்து வினாடி, இருபது வினாடி. அப்பா பின்னால் வந்து நின்றதை உணர்ந்தோம், திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. புதிய நினைவகத்தைக் கண்டால் கணினி முதன்முறை அதை அளந்து பழகிக்கொள்ளச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும் என்று நாங்கள் படித்திருந்தோம். படித்தது வேறு, அந்தக் கறுப்புத் திரைக்குமுன் நிற்பது வேறு. தங்கை கையை அணைக்கும் பொத்தானை நோக்கி நீட்டினாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலும் சில வினாடிகள் கழித்துத் திரை ஒளிர்ந்தது.

டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி, இரண்டில் இரண்டு ஸ்லாட், வேகம் 2933 என்று காட்டியது. உடனே வரைய உட்கார்ந்த அக்காவை எழுப்பிவிட்டு, அன்றிரவு மீண்டும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓடவிட்டோம். புதிதென்பதால் மட்டும் நம்பிவிடலாகாது. காலையில் பிழை பூஜ்யம். ஜனவரி 5-ஆம் தேதி அக்கா வரைபடங்களை ஒப்படைத்தாள். மாடிப்படி சற்றுக் குறுகலாக இருப்பதாக ஆசிரியர் கூறினாராம். அது ராமின் குற்றமல்ல.

அந்த நீளமான ராம் இன்னும் எங்கள் பீரோவில் உறை கலையாமல் இருக்கிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டார். அவருடைய மேசைக்கணினி டிடிஆர்3 ஆகையால் கொடுக்கவில்லை. டிடிஆர்4, 8 ஜிபி, 2666, 1.2 வோல்ட். மேசைக்கணினி வைத்திருக்கும் தோழியர் எவருக்கேனும் தேவைப்பட்டால் பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவில் எங்களைக் காணலாம், அப்பா பாதி விலைக்கே தரச் சம்மதித்திருக்கிறார். வரும்போது உங்கள் கணினியின் தாய்ப்பலகைப் பெயரையும், உள்ளே இருக்கும் ராமின் ஒட்டுச்சீட்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.